ஜீப் டைமில் எழுந்த புகை

அம்மாவின் போனில் 3,208 படங்கள் இருந்தன. மனிதர்கள் இருக்கும் படம் அறுபத்தொன்று. மற்றதெல்லாம் மலை.

அம்மா பெயர் மொக்கம்மாள். ஊர் சுருளிப்பட்டி. இந்த வருடம் மார்ச் 11 காலையில் இறந்துபோனாள். வயது ஐம்பத்தாறு. இதயம் என்றார்கள்.

நான் கோயம்புத்தூரில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அழுத்தமானி, வெப்பமானி, தராசு எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் நம்பகமான ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று எழுதி ஒரு சீட்டு ஒட்டுவோம். தவறே இல்லாத கருவி கிடையாது. தவறு எவ்வளவு என்று தெரிந்தால் போதும், கழித்துக்கொள்ளலாம். பத்து வருடமாக இதுதான் வேலை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

அம்மா ஜீப்பில் ஏறியது முப்பத்தொன்றாவது வயதில். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஏழு வயது. கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கும் வேலை. ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பெண்கள். ஆறு இருபதுக்கு பஸ் நிறுத்தத்துக்கு வரும். ஒரே ஒரு ஹாரன். காத்திருக்காது. முதல் வாரத்தில் ஒருநாள் அம்மா அதைத் தவறவிட்டு, சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வாசலில் உட்கார்ந்து அந்தச் சோற்றைக் காலை ஏழு மணிக்கே என்னோடு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு இருபத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட ஜீப்பைத் தவறவிட்டதில்லை. எப்படி என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு ஊரின் கடைசித் தெருவில் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் மேற்கே ஜீப் ஏறும் மலை, தெற்கே சுருளிப் பக்கத்து மலை, இரண்டுமே மறைப்பில்லாமல் தெரியும். பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் திராட்சைப் பந்தலும் மாடி வீடுகளும்தான் தெரியும். அதனால் அம்மா தினமும் காலையில் மாடியேறி மலையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். மலைப்பாதைக்குப் பக்கத்தில் எங்காவது தீ பிடித்திருந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் அன்றைய கூலி போச்சு.

2019 தீபாவளிக்கு அவளுக்கு ஒரு டச் போன் வாங்க ஏற்பாடு செய்தேன். கம்பத்தில் ஒரு கடையில் சொல்லிவைத்தேன். அம்மாவும் முனீஸ்வரி அத்தையும் போய் வாங்கிவந்தார்கள். முனீஸ்வரி அத்தை அடுத்த தெரு. ஜீப்பில் அம்மாவுக்கு அடுத்த இடம், இருபத்தொரு வருடமும். அம்மாவை மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

அதிலிருந்து அம்மா மலையைப் பார்ப்பதோடு படமும் எடுத்தாள். ‘முத்துராஜா ஜீப்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஓட்டுநர் பெயரில் அது. அதில் படத்தைப் போட்டு, அடியில் ஒரு சொல் எழுதுவாள். தெளிவு, மஞ்சு, புகை. இந்த மூன்றில் ஒன்று. மஞ்சு என்றால் மூடுபனி. மலைக்கு மேலே மலையாளத்தோடு புழங்கி ஒட்டிக்கொண்ட சொல். 2021இல் முழங்கால் தேய்ந்து அவள் ஜீப்பில் போவது நின்றது. திராட்சைத் தோட்டத்தில் நின்றபடி செய்கிற வேலைக்கு மட்டும் போனாள். படம் நிற்கவில்லை. ஜீப்புப் பெண்கள் விடவும் இல்லை.

ஆரம்பத்தில் எனக்கும் அனுப்பினாள். மங்கலாக இருக்கும். லென்ஸைத் துடைம்மா என்று எழுதினேன்.

“தொடச்சிட்டேன். இனிமே மலையத்தான் தொடைக்கணும்” என்று குரல்பதிவில் சொன்னாள். பின்னால் முனீஸ்வரி அத்தை சிரிப்பது கேட்டது.

நான் மறுபடியும் லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது எனக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. வேலைக்கு உதவாத இடத்துக்கு எதையும் அனுப்பமாட்டாள், அவ்வளவுதான்.

மங்கல் லென்ஸில் இல்லை, புகைதான் என்று எனக்குத் தெரிந்தது படங்களை வரிசையாகப் பார்த்தபோதுதான். அதற்குள் அவள் இல்லை.

இறப்புக்கு ஐந்து நாள் முன்னால், மார்ச் 6 வியாழக்கிழமை பிற்பகல், சுருளிப் பக்கத்து மலையில் தீ. மூன்று நாள் எரிந்தது. ஊரில் பன்னீர் திராட்சைக் குலைகள் மேல் சாம்பல் படிந்தது. காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போன அம்மாதான் புகையை முதலில் பார்த்திருக்கிறாள். படம் எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறாள். அதன் அடியில் அவள் குரல்: “சுருளி மலைப் பக்கம் பொகை ஏறுது. செல்லப்பாண்டி ஆடு அங்கனதான் நிக்கும். நான் அவனுக்குப் போனப் போடுறேன்.”

செல்லப்பாண்டி மாமா எங்கள் தெரு. இருபத்தேழு ஆடுகள். காலையில் மலையடிவாரத்தில் மேயவிட்டுவிட்டு மதியம் கஞ்சிக்கு வீட்டுக்கு வருவார். அன்றைக்கு ஜீப்புப் பெண்கள் எல்லாரும் தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே சிக்னல் கிடையாது. குழுவில் வந்ததை மாலை இறங்கும்போதுதான் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளைக்கு மறுநாள் வனத்துறையிலிருந்து வனவர் மதன்குமார் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது. செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். பிறகு சொன்னார்.

“மேடம், அம்மா எடுத்த படம்தான் தீயோட முதல் படம். எல்லாருக்கும் ஃபார்வர்டு ஆகி எங்களுக்கும் வந்துச்சு. ஒரிஜினல் வேணும். எத்தன மணிக்கு எடுத்ததுன்னு நீங்க பாத்துச் சொல்ல முடியுமா? ஒரு ஆள் மேல சந்தேகம் இருக்கு.”

கேபிளை மாட்டிக் கோப்பை எடுத்தேன். கோப்பில் நேரம் இருந்தது. பிற்பகல் 3:52. அவர் கேட்டபடி ஒரு தாளில் எழுதினேன். படம் எடுத்த நேரம் 3:52. கோப்பில் திருத்தம் செய்த அடையாளம் இல்லை. கையெழுத்துக்கு அடியில் என் பதவியையும் எழுதினேன். அவர் கேட்கவில்லை. நானாக எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து செல்லப்பாண்டி மாமா வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“ஆத்தா ஜோதி, ஒரு வாக்குச் சொல்லணும். நான்தான் மலைக்குத் தீ வச்சேன்னு எழுதப் போறாகளாம்.”

“எதுக்கு மாமா நீங்க வைக்கப் போறீங்க?”

“புதுப் புல்லு மொளைக்குமாம். ஆட்டுக்காரன்னா அதத்தான் சொல்வாக. நான் பாரஸ்ட்டு கேட்டுக்குள்ள போனது மூணு நாப்பத்தொண்ணு. நோட்டுல இருக்கு. வாட்ச்மேன் எழுதியிருக்கான். நான் பொகையைக் கேள்விப்பட்டுத்தான் ஆட்டப் பத்த ஓடுனேன்னு சொன்னா, பொகையே மூணு அம்பத்திரண்டுக்குத்தான்னு ஒரு தாளக் காட்டுறாக. அதுல ஒன் கையெழுத்து இருக்கு.”

“படத்துல அப்படித்தான் மாமா இருக்கு.”

“ஒங்கம்மா போன் போட்டுத்தான் நான் போனேன். அத நீ பாத்துச் சொல்லு.”

அம்மாவின் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். செல்லப்பாண்டி என்று இருந்தது. மார்ச் 6. பிற்பகல் 3:55.

அவரிடம் காட்டினேன். “அம்மா கூப்பிட்டது 3:55 மாமா. நீங்க 3:41க்கே உள்ள போயிட்டீங்க.”

அவர் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடையது பட்டன் போன். பழைய அழைப்புகள் எப்போதோ அழிந்துவிட்டன.

“அப்ப நான் பொய் சொல்றேன்ற.”

 அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் நான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 12 சனிக்கிழமை திரும்பி வந்தேன். வீட்டைக் காலி செய்ய வேண்டும். திங்கள் சித்திரை ஒன்று, விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை செல்லப்பாண்டி மாமாவுக்கு விசாரணை. தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் ஆடுகள் பட்டியிலேயே நின்றன. மலைப் பக்கம் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் யாரோ விளையாட்டாக அவரை ‘தீப்பெட்டி’ என்று கூப்பிட்டதாகவும், அவர் அதற்குத் திரும்பிப் பார்க்காமல் போனதாகவும் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு மதியம் நான் சாமான்களைக் கட்டவில்லை. மடிக்கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா புகை என்று எழுதிய படங்களை மட்டும் பிரித்தேன். ஒவ்வொரு வருடத்திலும் முதல் புகை என்றைக்கு என்று குறித்தேன். 2020இல் மார்ச் 4. அடுத்த வருடம் மார்ச் 11. 2022இல் பிப்ரவரி 22, அதற்கடுத்து பிப்ரவரி 25. போன வருடம் பிப்ரவரி 6. இந்த வருடம் ஜனவரி 29.

இந்த ஜனவரி 29 படத்துக்கு அடியில் ஒரு குரல்பதிவு இருந்தது. “மாசிப் பொகை தையிலேயே வந்துருச்சு. முத்துராஜா, பாத்துப் போப்பா.”

அவள் அதை மாசிப் புகை என்றுதான் சொல்வாள், மாசிப் பச்சைச் செடியைச் சொல்வதுபோல. அது வருகிற மாதத்தின் பெயர். பெயர் அப்படியே இருந்தது, மாதம்தான் மாறிவிட்டது.

ஆறு வருடம் என்பது போதாது. ஆறு புள்ளிகளை வைத்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு தராசைக்கூடத் தேர்ச்சியென்று சொல்லமாட்டோம். அம்மா பார்க்காத புகை எத்தனையோ இருக்கும். 2021இல் கொரோனாவில் பாதி நாள் ஜீப்பே ஓடவில்லை. அந்த வருடக் கணக்கை நம்ப முடியாது. தீயை மூட்டுவது வெயில் இல்லை என்பதும் தெரியும். பெரும்பாலும் யாரோ ஒரு மனிதர்தான். ஆனால் மூட்டினால் பிடிக்கிற அளவுக்குப் புல் எப்போது காய்கிறது என்பது வேறு கேள்வி. அது ஐந்து வாரம் முன்னால் நகர்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக, கடைசிப் படத்துக்கு வந்தேன். மார்ச் 11 காலை. கோப்பின் நேரம் 6:31.

இந்த எண் ஒரு மாதமாக எனக்குள் இருந்தது. முனீஸ்வரி அத்தை சொன்னது வேறு. படம் வந்ததாம், அடியில் எந்தச் சொல்லும் இல்லையாம். கொஞ்சம் பார்த்துவிட்டு, என்னவோபோல் இருந்ததால் மாடிக்கு ஏறி வந்தாளாம். அப்போது ஆறே கால். அம்மா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். முடிந்துவிட்டிருந்தது.

ஆறே காலுக்கு இறந்து கிடந்தவள் ஆறு முப்பத்தொன்றுக்குப் படம் எடுக்க முடியாது. அத்தை முதலில் ஜீப்புக்குப் போயிருக்கிறாள், ஜீப் கிளம்பிய பிறகுதான் வந்து பார்த்திருக்கிறாள், அந்த இடைவெளியை மறைக்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. காரியத்தில் அவள் எனக்குச் சோறு ஊட்டினாள். அப்போதும் அந்த எண்தான் மனதில் இருந்தது.

படம் இருட்டாக இருந்தது. மலையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. மார்ச் நடுவில் 6:31க்கு அவ்வளவு இருட்டு இருக்காது. புகை அதிகம் போலிருக்கிறது என்று முதலில் எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் தீ அணைந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. காலையில் முனீஸ்வரி அத்தை வீட்டுக்குப் போனேன். துவரை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வா ஆத்தா. காப்பி குடிக்கிறியா?”

“வேணாம் அத்தை. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க எத்தனை மணிக்கு மாடிக்கு வந்தீங்க?”

“சொன்னேன்ல. ஆறே கால்.”

“அம்மா படம் எடுத்ததே ஆறு முப்பத்தொண்ணு.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். முகம் மாறியது. நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“ஏன்டி, நான் ஜீப்ல ஏறப் போயிட்டு, ஒங்கம்மாவ அப்பறமாப் பாத்தேன்னு நெனைக்கிறியா?”

நான் தரையைப் பார்த்தேன்.

அவள் எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்தாள். குழுவைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி மேலே போனாள். “கண்ணு தெரியாது எனக்கு. நீயே பாரு.”

பார்த்தேன். அதே படம். இருட்டு, மலையின் விளிம்பு. வந்த நேரம் 6:08.

எடுப்பதற்கு இருபத்து மூன்று நிமிடம் முன்பே படம் வந்து சேர்ந்திருந்தது.

“இது எப்படி?” என்றேன். அவளிடம் கேட்கவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.

அத்தை போனை வாங்கி, எட்ட வைத்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“அடிப் பாதகத்தி. ஒங்கம்மா போனு ஜீப் டைமுல்ல ஓடுது. அந்த வீட்லதான பெறந்து வளந்த? மறந்துட்டியா?”

நான் மறந்துவிட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு நேரம் இருந்தது. ரேடியோ டைம், ஜீப் டைம். ஜீப் டைம் இருபது நிமிடம் முன்னால். ஜீப்பைத் தவறவிட்ட அந்த வாரமே அம்மா சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிடம் தள்ளி வைத்தாள். நான் பள்ளிக்குப் போனது, பரீட்சை எழுதப் போனது, எல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான். எப்போதும் முதலில் போய் வாசலில் நிற்பேன். பதினேழு வயதில் கல்லூரிக்குப் போன பிறகு அது என் தலையிலிருந்து போய்விட்டது. சுவர்க் கடிகாரமும் பேட்டரி தீர்ந்து எப்போதோ நின்றுவிட்டது. போன் வந்தபின் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“கடையில வாங்கும்போதே மாத்தச் சொன்னுச்சு மதினி” என்றாள் அத்தை. “கடக்காரன், ‘ஆத்தா, இது சாட்டிலைட்டு டைமு, தானா வரும், இத மாத்தப்படாது’ன்றான். ஒங்கம்மா, ‘சாட்டிலைட்டா வந்து எனக்கு ஜீப்ப நிறுத்தும்? இருவது நிமிசம் தள்ளி வையி’ன்னுச்சு. அவன் தலையில அடிச்சுக்கிட்டே வச்சுக் குடுத்தான்.”

“ஜீப் நின்ன பிறகுமா?”

“நின்னா என்ன? எங்களுக்குப் படம் வரணும்ல. மதினி பிந்தி எந்திரிச்சா நாங்க எப்படிப் போறது?”

பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்தேன். மேல் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. என் போனை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. எந்தக் கருவி வந்தாலும் முதலில் செய்கிற வேலை. இருபத்து மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி முன்னால் ஓடியது.

அப்போதுதான் மார்ச் 6 நினைவுக்கு வந்தது.

“அத்தை, போனைக் குடுங்க.”

மேலே தள்ளினேன். புகைப் படம். அம்மாவின் குரல். அதிலிருந்த நேரம் பிற்பகல் 3:29. சிக்னல் கிடைத்து மாலையில் வந்து சேர்ந்தாலும், வாட்ஸ்அப் காட்டுவது அனுப்பிய நேரத்தைத்தான்.

அழைப்பு 3:55 இல்லை. 3:32. மாமா கேட்டுக்குள் போனது 3:41. அடிவாரம் வரைக்கும் அவர் வண்டியில் போக ஒன்பது நிமிடம் ஆகும். அவர் சொன்னது முழுக்க உண்மை. அதைப் பொய்யாக்கியது என் கையெழுத்து.

அம்மா ஒருவனுக்கு ஆட்டைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்லப் போன் போட்டாள். நான் அதை அவனுக்கு எதிராக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“என்னத்தா, மூஞ்சி இப்படிப் போயிருச்சு?” என்றாள் அத்தை. சொன்னேன். அவள் முறத்தை எடுத்தாள், மறுபடி வைத்தாள். “எந்திரி. மொதல்ல அவன் வீட்டுக்குப் போவோம். பெறகு காப்பி.”

செல்லப்பாண்டி மாமா பட்டியில் இருந்தார். இரண்டு போன்களையும் அவர் கையில் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “மாமா, இந்த ரெண்டுலயும் மணி பாருங்க” என்றேன்.

பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். “இதுல முந்தி இருக்கு.”

“அது அம்மா போன். நான் எழுதிக் குடுத்தது தப்பு மாமா. நீங்க சொன்னது சரி.”

 ஓர் ஆடு அவர் வேட்டியைக் கடித்து இழுத்தது. அதைத் தள்ளிவிட்டார்.

“இதப் போயி அவுககிட்டச் சொல்லுவியா?”

“சொல்லணும்னுதான் வந்தேன்.”

“ஒங்க ஆபீசு பேரெல்லாம் போட்டு எழுதியிருக்கியே. ஒனக்கு வேலைக்கு ஒண்ணும் வராதுல?”

“வராது மாமா.”

வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. யோசிக்கவில்லை.

மீதி ஞாயிறும் திங்களும் அதே வேலை. அத்தையின் போனில் 2019 வரைக்கும் படங்கள் இருந்தன. அவள் எதையும் அழிக்கமாட்டாள். முப்பது படங்களை எடுத்தேன். அம்மா போனில் எடுத்த நேரம், அத்தை போனில் வந்த நேரம், வித்தியாசம். 2019இல் இருபது நிமிடம். 2022இல் இருபத்தொன்றரை. இந்த மார்ச்சில் இருபத்து மூன்று. தானாகத் திருத்திக்கொள்வதை நிறுத்தினால் கடிகாரம் மெல்ல விலகும். அதன் விலகல் ஒரே சீராக இருந்தது. நல்ல கடிகாரம்.

செவ்வாய்க்கிழமை காலை வனத்துறை அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். அத்தை ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாள். ஜீப்பில் அவள் இடம் காலியாகப் போனது இருபத்தைந்து வருடத்தில் நாலாவது தடவை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மதன்குமார் என் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “மேடம், நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. திருத்தம் இல்லன்னு போட்டிருக்கீங்க.”

“கோப்புல திருத்தம் இல்ல சார். கடிகாரத்துல இருக்கு. அதை நான் சரிபார்க்கல. தப்பு என்னோடது.”

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முப்பது வரி எழுதிய தாளைக் கொடுத்தேன். அத்தை தன் போனைக் கொடுத்தாள். அவர் அம்மாவின் குரல்பதிவைப் போட்டார். செல்லப்பாண்டி ஆடு அங்கனதான் நிக்கும், நான் அவனுக்குப் போனப் போடுறேன். அறையில் எல்லாருக்கும் கேட்டது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவுக்கு அனுப்பிய நேரம் 3:29 என்று மதன்குமார் தன் பேனாவால் எழுதினார். பிறகு கேட்டார்.

“யாராவது கடிகாரத்த இருபது நிமிஷம் தள்ளி வைப்பாங்களா மேடம்?”

அத்தை முந்திக்கொண்டாள். “சார், நீங்க ஒருநாளு எங்க ஜீப்ப விட்டுப் பாருங்க. மறுநாளு நீங்களே தள்ளி வைப்பீங்க.”

அவர் சிரித்தார். பிறகு படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். “புகை எந்த இடத்துல கிளம்புதுன்னு தெரியல.”

“வேரப் பாருங்க சார்” என்றாள் அத்தை. “மஞ்சுன்னா வேரு இருக்காது, மெதக்கும். பொகைன்னா அடியில ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். மொக்கம்மா மதினிதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துச்சு.” திரையில் விரலை வைத்தாள். “இந்தா, இங்கன.”

வேர் மலைமேல் ஒரு பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கேட்டிலிருந்து அங்கே ஏறிப் போக ஒன்றரை மணிநேரம் ஆகும் என்றார் மதன்குமார். அவர் அதையும் எழுதினார்.

நான் புதிய தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழையதன் குறுக்கே ‘தவறு, பார்க்க அடுத்த பக்கம்’ என்று எழுதினேன். செல்லப்பாண்டி மாமாவிடம் மதன்குமார், “நீங்க போகலாம்ண்ணே. ஆட்டக் கேட்டுக்கு வெளியவே மேயவிடுங்க, அவ்வளவுதான்” என்றார். அறிக்கையில் தீ தோன்றிய காரணம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று போட்டார். அது சரியான பதில்.

வெளியே டீ குடிக்கும்போது மாமா சொன்னார்: “படிச்ச புள்ள எழுதுனா யாராலயும் மாத்த முடியாதும்பாக. படிச்ச புள்ளயே வந்து மாத்துனா என்ன செய்வாக?” அத்தை, “இன்னொரு டீ வாங்கிக் குடுப்பாக” என்றாள். அவர் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனைத் துடைத்தேன். அமைப்புக்குள் போனால் ஒரு தொடுதலில் நேரம் சரியாகிவிடும். செய்யவில்லை. என் பையில் ஆய்வகச் சீட்டுகள் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து எழுதினேன். கருவி: கடிகாரம். பிழை: +23 நிமிடம் 12 விநாடி. சரிபார்த்த நாள்: 13.4.2025. போனின் பின்பக்கத்தில் ஒட்டினேன்.

இந்தப் பிழையை எனக்குக் கழிக்கத் தெரியும். அம்மாவின் கடைசிப் படம் 6:08. முனீஸ்வரி அத்தை ஏழு நிமிடத்தில் வந்திருக்கிறாள். கழித்தால் எல்லாம் பொருந்துகிறது. புகைத் தேதிகளை அப்படிக் கழிக்க முடியவில்லை. மாசி தைக்கு நகர்ந்தது எவ்வளவு, எதனால் என்று சொல்ல, பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு இன்னொரு மலை இல்லை. தேதிகளை மதன்குமாருக்கு அனுப்பினேன். அவர்களிடம் செயற்கைக்கோள் பதிவு இருக்கிறதாம், ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். அடுத்த தையிலிருந்து காலைப் படத்தை அத்தையின் மகள் எடுப்பதாக ஏற்பாடு. எங்கள் மாடியிலிருந்து, அதே தொட்டிக்குப் பக்கத்திலிருந்து. இடம் மாறினால் ஒப்பிட முடியாது. அதனால் வீட்டைக் காலி செய்யவில்லை.

மாலை மாடியில் நின்றிருந்தேன். தெருவில் ஆடுகளின் சத்தம். ஒன்பது நாள் பட்டியில் நின்றவை, முட்டிக்கொண்டு வந்தன. பின்னால் செல்லப்பாண்டி மாமா. நிமிர்ந்து பார்த்தார்.

“ஏத்தா ஜோதி, மணி என்ன?”

என் கையில் இரண்டு போன்களும் இருந்தன.

“எந்த மணி மாமா?”

அவர் நின்றார். ஆடுகள் நிற்கவில்லை.

“ஒங்கம்மா மணியச் சொல்லு. அதுதான என்னைய அனுப்பி வச்சுச்சு.”

“ஆறு பத்து” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் நடந்தார்.